துண்டு போன வழி

கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. எதற்கெல்லாம் பயந்தார்களோ அதெல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். பயப்பட மறந்த ஒன்று மட்டும் எங்கேயாவது ஒளிந்து உட்கார்ந்திருக்கும். நான் இதில் பழம் தின்று கொட்டை போட்டவன். எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று பயந்துபோய்ப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியவன், அதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். (கேள்வித்தாள் ரொம்பச் சுலபமாம். அப்புறம் சொன்னார்கள்.)

இப்பேர்ப்பட்டவன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், என் அக்கா வீட்டுக்காரர் கணபதி அத்தானோடு சேர்ந்து தொழில் தொடங்கினேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஓர் ஓலைக் கொட்டகை. புது வண்டி பார்க்க ஊரில் ஆள் இருந்தார்கள். நாங்கள் கிழட்டு வண்டிக்காரர்கள். வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போனது, சாமான் கிடைக்காதது, பண்ணைவீட்டுத் தொழுவத்தில் கோழி அடைகிறது, இப்படிப்பட்ட கார்களின் இன்ஜினை இறக்கி, இல்லாத உருப்படியை லேத்தில் கடைந்து வாங்கி, மறுபடியும் கட்டிக் கொடுப்பதுதான் வேலை. யோசனை அத்தானுடையது. நடுக்கம் என்னுடையது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பார்வதி. அவள் அப்பா சுப்பையா மாமா ஆலங்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தன் கடைக்கென்றே தறிக்காரரிடம் சொல்லி நெய்த பச்சைக்கரைத் துண்டு ஒன்றை, நிச்சயதார்த்தத்தன்று என் தோளில் போட்டார். கூடவே ஒரு குண்டையும் போட்டார்.

"துண்டு தோள்லயே இருக்கட்டும் மாப்பிள. மொத வண்டி ஓடுதத என் கண்ணால பாத்துக்கிடுதேன். பொறவு முகூர்த்தத்துக்கு நாள் குறிப்போம்."

முதல் வண்டி இலத்தூர் பண்ணையாருடையது. தண்ணீர்த்தொட்டி மாதிரி ஒரு பழைய சீமைக் கார். அவரும் ஒரு கெடு வைத்தார்.

"ஆனிக்குள்ள வண்டி வந்துரணும். ஆடி பொறந்துட்டா நான் புதுசா எதையும் தொட மாட்டேன், பாத்துக்கிடுங்க. பொறவு அதுல கோழிதான் அடையும்."

ஆக, ஆடி பிறந்தால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் பார்வதி இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தான் ஒரு நட்டை முடுக்கிவிட்டுப் போனால் நான் போய்த் தொட்டுப் பார்ப்பேன். பார்த்த நட்டையே இன்னொரு தரம் பார்ப்பேன். "ஏல சம்முகம், அதை நீ தடவித் தடவியே தேச்சிருவே போலுக்கே!" என்பார் அத்தான்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தார். இன்ஜினை வண்டியில் இறக்கியாகிவிட்டது. புகைக்குழாயைத்தான் இன்னும் இன்ஜினோடு சேர்க்கவில்லை. சைலன்சர் இத்துப்போயிருந்ததால், முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே குழாயாகப் போட்டிருந்தோம். அதன் வாய் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஆவென்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பார்த்துச் சாரல் சாய்ந்தடித்தது. குற்றாலத்துச் சாரல் ஊருக்கெல்லாம் சுகம். எனக்கோ, குழாய்க்குள் தண்ணீர் இறங்கித் துருவேறி, வண்டி நின்று, பார்வதிக்கு வேறு மாப்பிள்ளை வந்து, அவர்கள் பிள்ளைக்குக் காது குத்துவதுவரை கண்ணில் ஓடியது. கைக்கு அகப்பட்ட துணியைச் சுருட்டிக் குழாயின் வாய்க்குள், கண்ணுக்கே தெரியாத ஆழத்துக்குத் திணித்தேன். இன்ஜின்மேல் சாக்கைப் போட்டேன். சாக்கின்மேல் நானே குப்புறப் படுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அத்தான் என்னைப் பார்த்துவிட்டு, "எந்திரிலே, இன்ஜின் குஞ்சா பொரிக்கப் போகுது?" என்றார். வெயில் வந்ததும், என்னை நம்பாமல் அவரே குழாயைச் சேர்த்து முடுக்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் பார்க்கிறேன், தோளில் துண்டைக் காணோம்.

(நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்குத்தான் தோன்றவில்லை.)

கொட்டகை, வீடு, கிணற்றடி எல்லாம் தேடினேன். காலையில் அருவியில் குளித்தது ஞாபகம் வந்தது. குரங்குதான் என்று முடிவுகட்டினேன். அருவிக்கரையில் ஒவ்வொரு குரங்கின் கையையும் உற்றுப் பார்த்துக்கொண்டு அலைந்தேன். ஒரு தாய்க்குரங்கு தப்பாக எடுத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. ஓடி வந்துவிட்டேன்.

ஆனி முடிய இருந்த ஒரு நல்ல நாளில் வண்டியை எடுப்பதாக ஏற்பாடு. பூஜை போடாமல் இன்ஜினைக் கிளப்பவே கூடாதென்று பண்ணையார் உத்தரவு. டயருக்கு டயர் எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய். பண்ணையார் பட்டுச்சட்டையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மாமா ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இறங்கியதும் கண் என் தோளுக்குத்தான் போனது.

"மாப்பிள, துண்ட எங்க?"

"தொவச்சுப் போட்டிருக்கேன் மாமா."

"இந்தச் சாரல்லயா?"

நான் தேங்காயை உடைக்கப் போய்விட்டேன்.

அத்தான் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றினார். இன்ஜின் 'லொக்' என்றது. செத்தது. மறுபடி சுற்றினார். மறுபடி 'லொக்'. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பொறி வந்தது. பெட்ரோல் வந்தது. எல்லாம் வந்தது, வண்டி மட்டும் வரவில்லை.

"என்னலே கணபதி, கோழி அடைஞ்சப்போ இதவிட நல்லா இருமிச்சே!" என்றார் பண்ணையார்.

"தள்ளிப் பாப்போம்" என்று மாமா துண்டை, அவருடைய துண்டை, இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். "நீங்க வேண்டாம் மாமா" என்றேன். (குழாயைப் பற்றி அல்ல. வேட்டி அழுக்காகுமே என்று. அப்போதும் கவலை தப்பான இடத்தில்தான்.) மூவரும் தள்ளினோம். வண்டி உருண்டது. பண்ணையார் கியரைப் போட்டார்.

மலை அதிர்ந்ததுபோல் ஒரு வெடி. குழாயிலிருந்து கருப்பாக ஏதோ பாய்ந்து வந்து மாமாவின் காலைச் சுற்றிக்கொண்டது. "ஐயோ, பாம்பு!" என்று அவர் குதித்த குதியில் டயருக்குத் தப்பிய எலுமிச்சம்பழம் ஒன்று நசுங்கியது. வண்டியோ சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு, பண்ணையார் திரும்பியும் பாராமல், குற்றாலத்தைப் பார்க்கப் பறந்தது.

மாமா குனிந்து, பாம்பை விரலால் தூக்கினார். புகைந்தது. ஒரு முனையில் கொஞ்சம் பச்சை தெரிந்தது.

"இது நம்ம கடைத் துண்டுல்லா?"

நான் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கக் குனிந்தேன்.

"தொவச்சுப் போட்டிருக்கேன்னு சொன்னீய?"

"பெட்ரோல்ல தொவச்சிருக்கான் அண்ணாச்சி" என்றார் அத்தான்.

கல்யாணம் கண்ணெதிரே கருகியது. மாமா துண்டை உதறினார். முழங்காலுக்குக் கீழே வேட்டி முழுக்கக் கரி. துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கையாலும் பலமாக இழுத்தார். முகம் மெள்ள மாறியது.

"கிழியலியே!" என்றார். எச்சில் தொட்டுக் கரையைத் தேய்த்தார். "சாயமும் போவலவே, பாத்தீரா?"

தூரத்தில் வண்டிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"வண்டி ஓடுதுல்லா?"

"ஓடுது மாமா."

"அப்பொறம் என்ன? ஆவணில நாள் பாக்கச் சொல்லுதேன். இந்தத் துண்ட நான் கொண்டு போறேன். உங்களுக்கு வேற தாரேன், அத வீட்டுல வச்சிட்டு வேலைக்கு வாங்க."

அந்தக் கரித்துண்டு ஆலங்குளம் கடையில் வாசலுக்கு நேராக வெகுகாலம் தொங்கியது. "இன்ஜினுக்குள்ள போயி வெடிச்சு வந்த துண்டு. இழுத்துப் பாருங்க!" என்று மாமா வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுப்பார். பச்சைக்கரை அமோகமாகப் போனது. நாங்கள் போர்டில் எழுதி வைத்த பெயரை ஒருவரும் படிக்கவில்லை. கேரளாவிலிருந்து பழைய காரோடு வருகிறவர்கள்கூட, "துண்டு ஒர்க்ஷாப் எவிடெயா?" என்றுதான் கேட்டார்கள்.

வீட்டில் ரேடியோ பாடாவிட்டாலும் மிக்ஸி சுற்றாவிட்டாலும் பார்வதி, நான் எதையாவது உள்ளே திணித்திருப்பேனோ என்று என்னைத்தான் பார்ப்பாள். போன மாதம் எனக்கு மூச்சு வாங்கியது. இதயமோ, நுரையீரலோ என்று நடுங்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து, "இருமுங்க" என்றார்.

'லொக்' என்றேன்.

"டாக்டர்," என்றாள் பார்வதி, "பின்னால மட்டும் நிக்காதீங்க."