இரண்டாம் பாகத்தில் பிறந்தவள்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு ஜன்னல், இறந்தவர்களுக்கு ஒரு ஜன்னல். தையல்காரம்மா பிறந்தவர்கள் ஜன்னலில் நின்றாள். அவள் கேட்டது ரொம்பச் சாதாரணமான ஒன்று: ஐந்து வயது மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். வெள்ளிக்கிழமையோடு பள்ளிச் சேர்க்கை முடிகிறது. மகளோ ஒரு மாதமாகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்து, "வந்துட்டேன் டீச்சர்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சான்றிதழ் கிடைத்தது. முத்திரை ஒழுங்கு, கையெழுத்து ஒழுங்கு. குழந்தை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரி. பிறந்த வருடம் மட்டும் 2187 என்று இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று புரிய ஊர் நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். அப்போது ஊரில் ஒரு விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. ஊதா நிறத்தில் மூன்று நிலா, கண்ணாடித் திமிங்கலம், வானத்திலிருந்து தலைகீழாகத் தொங்கும் நகரம். படத்தின் முழுப் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. 'இரண்டாம் பாகம்' என்றாலே போதும், சண்டை தொடங்கிவிடும். ஊரே இரண்டு கட்சியானது: 'கண்ணுக்கு விருந்து' கட்சி, 'கதை எங்கே' கட்சி. முடிவெட்டும் கடையில் கட்சி கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார்கள். நிச்சயமான ஒரு கல்யாணம் திமிங்கலத்தால் நின்றுபோனது.

பதிவு அலுவலகத்தின் கணினி எழுத்தர் விருந்துக் கட்சி. படத்தை ஏழு தடவை பார்த்தவர். கண்காணிப்பாளர் கதைக் கட்சி; படம் எவ்வளவு மோசம் என்று உறுதிப்படுத்திக்கொள்ள நாலு தடவை பார்த்தவர்.

"சார், வருஷம் தப்பா இருக்கு" என்றாள் தையல்காரம்மா.

எழுத்தர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, இரண்டாம் பாகம் நடக்கிற வருஷம்!"

"என் பொண்ணு பிறந்த வருஷம் இல்லையே."

"அடிக்கும்போது திமிங்கலத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். கை தானாப் போயிருக்கு."

"சரி, திருத்திக் கொடுங்க."

"தப்புன்னு எழுதினா என்மேல விசாரணை வரும். தப்பில்லைன்னா திருத்த முடியாது."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

எழுத்தர் நல்ல மனுஷர். உண்மையாகவே யோசித்துச் சொன்னார்: "குழந்தை பிறக்கட்டும். பிறந்ததும் வந்து சரியான தேதியைச் சொல்லுங்க."

ஜன்னலுக்குக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது: "நான் பிறந்துட்டேன் மாமா."

"பதிவேட்டின்படி இன்னும் இல்லடா கண்ணு."

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் வந்தார். சான்றிதழைப் பார்த்ததும் வெற்றிச் சிரிப்பு. "பார்த்தியா? இதைத்தான் முதல் நாளே சொன்னேன். வருங்காலத்துல பிறக்கப் போற பொண்ணு இப்ப எப்படி வந்து நிக்கும்? படத்துலயும் இதே ஓட்டைதான்!"

"ஓட்டை இல்ல சார், காலச் சுழல்."

"என்னய்யா சுழல்? பிள்ளை பிறக்க நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கு, இந்தம்மா அதுக்குள்ள அம்மாவா நிக்கறாங்க. கொஞ்சமாவது லாஜிக் வேண்டாமா?"

"திமிங்கலம் நிலாவை முட்டும்போது ஒரு நிறம் வருமே சார், அதைப் பார்த்தா லாஜிக் ஞாபகத்துக்கு வருமா?"

வரிசையும் சேர்ந்துகொண்டது. பக்கத்து ஜன்னலில் சித்தப்பா இறந்ததைப் பதிய வந்தவர், "சித்தப்பாவுக்கு இந்தப் படம் பிடிச்சிருக்கும்" என்று கண்ணைத் துடைத்தார். "மூணு நாள் முன்னாடிதான் அதைப் பார்த்தாரு" என்று அவர் மனைவி சொன்னதும், காரணம் படமா என்று தனி விவாதம் கிளம்பியது.

கடைசியில் பதிவு அலுவலரே அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் படம் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஊரில் அதை ஒப்புக்கொள்வதைவிட வேலையை விட்டுவிடலாம். எனவே தொண்டையைச் செருமினார். "ஒளியமைப்பைப் பொறுத்தவரையில்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். எல்லாரும் காத்திருந்தார்கள். "இரு தரப்பு வாதமும் கவனிக்கத்தக்கது" என்று முடித்தார்.

பிறகு உத்தரவு போட்டார்: மேற்படி வருடத்தை மூல ஆவணத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும்.

"மூல ஆவணம்னா ஆஸ்பத்திரிப் பதிவு. இதோ நானே கொண்டு வந்திருக்கேன்" என்று தையல்காரம்மா நீட்டினாள்.

"அது குழந்தைக்கு மூல ஆவணம். இந்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்தா வந்தது? படத்திலிருந்து வந்தது" என்றார் அலுவலர். விதிப்படி அவர் சொன்னதில் தவறே இல்லை.

வியாழக்கிழமை பகல் காட்சிக்கு அலுவலகம் முழுவதும் கள ஆய்வுக்குப் போனது. கோப்பு, கண்காணிப்பாளர் மடியில். மகளோடு கூடப் போன தையல்காரம்மா, தைக்க ஒப்புக்கொண்ட ரவிக்கைகளில் இரண்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள். திமிங்கலத்தின் வெளிச்சத்தில் பதினோரு கொக்கி தைத்தாள். கொக்கிகளுக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தாள். நாளைக்குச் சேர்க்கை முடிகிறது. ஆனாலும் அந்த ஊதா நிலா அழகாகத்தான் இருந்தது.

தலைகீழ் நகரத்தின்மேல் நெருப்பு எழுத்தில் வருடம் தோன்றியது. புதிதாக எண் கற்றுக்கொண்டிருந்த மகள் சீட்டில் ஏறி நின்று உரக்கப் படித்தாள்: "ரெண்டு... ஒண்ணு... ஏழு... எட்டு!"

எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். ஏழு தடவை பார்த்தவர் அவர். கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். 2178தான். எதற்காக இத்தனை நாள் சண்டை போட்டார்களோ, அதை இருவருமே சரியாகப் பார்த்திருக்கவில்லை.

"ஆக, பிழை இருக்கிறது" என்றார் அலுவலர் கம்பீரமாக.

தையல்காரம்மா ரவிக்கையை மடியில் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். "ஐயா, நல்லா இருப்பீங்க. திருத்திக் கொடுத்துடுங்க."

திருத்திக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, சிவப்பு மையில், வட்ட முத்திரையோடு: 2178.

"ஒன்பது வருஷம் முன்னாடியே கொண்டு வந்துட்டோம்மா" என்றார் எழுத்தர். சலுகை செய்த நிறைவு முகத்தில் வழிந்தது.

அழுவதா, அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தலைமையாசிரியை சான்றிதழை நெடுநேரம் பார்த்தார். ஊரில் அப்போது ஊதாக் கண்ணாடி பிரபலம், அவரும் போட்டிருந்தார்.

"மேடம், அது வந்து..."

"2178! இரண்டாம் பாகம் வருஷம்!" தலைமையாசிரியை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வருங்காலத்துக்கான கல்வின்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கோம். வருங்காலத்திலிருந்தே ஒரு பிள்ளை வந்திருக்கு!"

"இல்ல மேடம், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலதான் பிறந்தா."

"அதை வெளியில சொல்லாதீங்க."

மகள் சேர்ந்துவிட்டாள். முதல் வரிசையில் இடம். அவளைப் புகைப்படம் எடுத்து வாசலில் மாட்டி, கீழே 'வருங்காலப் பிள்ளைகளுக்கு மட்டும் சேர்க்கை நீட்டிப்பு' என்று எழுதினார்கள்.

திங்கட்கிழமை பிறந்தவர்கள் ஜன்னல் வரிசை தெருமுனையைத் தாண்டியது. எல்லார் கையிலும் சரியான சான்றிதழ்.

"இதுல ஒரு தப்பும் இல்லையே?" என்றார் எழுத்தர்.

"அதனாலதான் எங்க பிள்ளையைச் சேர்க்க மாட்டேங்கறாங்க! திருத்துங்க!"

வரிசையில் முதல் ஆள் கண்காணிப்பாளர். பேரனுக்காக அரைநாள் விடுப்பு எடுத்து, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நின்றிருந்தார். கதை எங்கே என்று அன்று அவர் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் பள்ளியில் பயிலும் இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களும் பதிவேடுகளின்படி இன்னும் பிறக்காதவர்கள் எனத் தெரிய வருகிறது. பிறவாதோருக்குப் பள்ளி தேவையில்லையாதலால், நாளை முதல் பள்ளி மூடப்படும்.'

பெற்றோர் கொதித்துப்போனார்கள். ஒரே நாளில் மனு தயாரானது. நானூறு பேர் ஊர்வலமாகக் கிளம்பினார்கள். தையல்காரம்மாதான் மனுவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எல்லாம் ஆரம்பித்தது அவள் பிள்ளையால்தானே என்று எல்லாரும் அவளையே தள்ளிவிட்டார்கள். கல்வி அலுவலகத்துக்குப் போகும் வழி தியேட்டர் வாசல் வழியாகத்தான்.

கல்வி அலுவலர் மனுவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே அவள் ஒருத்திதான் நின்றாள்.

"நானூறு பேர்னு எழுதியிருக்கு. மத்தவங்க எங்கேம்மா?"

"மூணாம் பாகம் வந்திருக்குங்க. டிக்கெட் வரிசையில நிக்கறாங்க."

"நல்லவேளை, ஊர்ல ஒருத்தராவது பிள்ளைங்க படிப்பை நினைச்சு வந்தீங்களே!" அலுவலர் நெகிழ்ந்துபோனார். "உட்காருங்க, விவரமாப் பேசுவோம்."

"உட்கார நேரமில்லைங்க" என்றாள் தையல்காரம்மா, வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே. "என் பொண்ணு பக்கத்து வீட்டு அக்கா கூட நின்னு எனக்கு இடம் பிடிச்சிருக்கா. சட்டுனு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, படம் ஆரம்பிச்சிடும்."