பலாமரத்தில் என் தலைமுடி

எனக்குப் பேய் என்றால் பயம். பதுளையில் மனநோய் வார்டில் ஆண் தாதியாக இருந்துகொண்டு, "அது பேய் இல்லம்மா, நோய்" என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவன் இதை எப்படி வெளியில் சொல்வது? (என் மனைவிக்குத் தெரியும். இருட்டிவிட்டால் கொல்லைப்புறத்துக்கு அவள்தான் துணை.)

எழுபதுகளின் கடைசியில், வேலையில் இருப்பவர்களும் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றிவிட்டது. எங்களுக்கு மேலதிகப் பயிற்சி கொடுக்க யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர் வந்தார். சிறிய உருவம், பெரிய கண்ணாடி. வகுப்பில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதன் பலன் கடைசி வாரத்தில் கிடைத்தது.

"தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில லட்சுமி எண்டு ஒரு பிள்ளை. எங்கட வார்டில இருந்து சுகமாகிப் போனவ. இப்ப மருந்துக் குளிசையை விட்டிட்டா. சாப்பாடில்லை, பேச்சில்லை. நீங்கள் போய்க் கதைச்சு, கிளினிக்குக்கு வரச் சம்மதிக்க வைக்கவேணும். அதுதான் உங்கட சோதனை."

"தனியாவா டாக்டர்?"

"நான் தோட்டத்து டிஸ்பென்சரியில இருப்பன். ஒண்டை மறக்காதேங்கோ. அவையள் எதை நம்பினாலும் எதிர்த்துக் கதைக்கக் கூடாது. அவையளோட சேர்ந்து இருங்கோ. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில், தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தூரத்திலேயே உடுக்கைச் சத்தம் கேட்டது. லுணுகலையில் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். உடுக்கை யாரை விரட்ட அடிக்கப்படுகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கால்கள் தாமாகவே பஸ் ரோட்டுப் பக்கம் திரும்பின. அதற்குள் லட்சுமியின் புருஷன் முனியாண்டி பார்த்துவிட்டார்.

"வாங்கய்யா, வந்து உக்காருங்க. கோடாங்கி வந்திருக்காரு. இன்னைக்குப் பேய எறக்கிருவாரு."

சேர்ந்து இருக்கச் சொன்னார்களே என்று லட்சுமிக்குப் பக்கத்தில் போய்ச் சாக்கில் உட்கார்ந்தேன். வார்டிலிருந்து சிரித்துக்கொண்டே விடைபெற்றுப் போனவள், இப்போது கன்னம் ஒட்டி, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை இப்படியே விட்டுவிட்டுப் போனால் பிழைக்க மாட்டாள் என்று பட்டது. பேய்ப் பயத்தோடு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

கோடாங்கி சாம்பிராணி போட்டார். எலுமிச்சம்பழத்தை அறுத்தார். பிறகு என் காதருகிலேயே உடுக்கையை அடிக்க ஆரம்பித்தார். முதலில் என் முழங்கால் ஆடியது. அதைக் கையால் பிடித்தேன். கையும் ஆடியது. அப்புறம் தாடை.

உடுக்கை சட்டென்று நின்றது. கோடாங்கி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எறங்கிருச்சு! அவள விட்டுட்டு இந்த ஆளு மேல ஏறிருச்சு!"

கூட்டம் அலறிப் பின்வாங்கியது. நானும் பின்வாங்கினேன். (பேய் இருப்பதே என்மேல்தான் என்றால் எங்கே போய் ஒளிவது?) கோடாங்கி வேப்பிலையால் என் முகத்தில் அடித்தார்.

"சொல்லு! எங்கருந்து வந்த?"

கேட்ட கேள்விக்கு உண்மை. "ப... பதுளை ஆஸ்பத்திரியிலருந்துங்க."

"ஐயோ, ஆஸ்பத்திரியில செத்ததாம்!" என்று ஒரு பெண் வாயிலடித்துக்கொண்டாள்.

"எதுக்கு வந்த?"

"லட்சுமியக் கூட்டிக்கிட்டுப் போக."

முனியாண்டி என் காலில் விழுந்து அழுதார். "பச்சப்புள்ள இருக்குதுப்பா! என் பொஞ்சாதிய விட்டுரு!"

"கோழி குடுத்தாப் போயிருவியா?" என்றார் கோடாங்கி.

"கோழி வேணாங்க. அவ வரலைன்னா டாக்டரம்மா என்னையச் சும்மா விடமாட்டாங்க."

கோடாங்கி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இது சின்னப் பேய். இதுக்கு மேல ஒரு பொம்பளப் பேய் இருக்கு. அதுதான் இத அனுப்பியிருக்கு."

(என் மேலதிகாரியைப் பற்றி அதைவிடச் சரியாக நானே சொல்லியிருக்க முடியாது.)

பேயைக் கட்ட வேண்டுமானால் உச்சி முடியை அறுத்து மரத்தில் ஆணி அடிக்க வேண்டும். இரண்டு பேர் என் தோளை அழுத்திப் பிடித்தார்கள். தலையில் கத்தி ஜில்லென்று பட்டது. கண் இருட்டியது. உண்மையாகவே ஏறியிருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கொத்து முடியோடு கோடாங்கி வாசலில் இருந்த பலாமரத்துக்குப் போனார். ஆணியில் அடி விழும்போதெல்லாம் நான் "ஐயோ" என்றேன்.

"பாவம்... அந்த ஐயாவுக்குத் தண்ணி குடுங்க."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். லட்சுமி. யாரும் அசையாததால் அவளே எழுந்தாள். தள்ளாடிக்கொண்டு போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் வாயில் பிடித்தாள். என் பல் செம்பில் தடதடவென்று தட்டியது. பயிற்சியில் படித்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "நீயும் கொஞ்சம் குடி தங்கச்சி" என்றேன். குடித்தாள். முனியாண்டி விம்மினார், நானும் விம்மினேன்.

அடுத்த கிளினிக் நாளில் புருஷனோடு அவள் வந்து நின்றாள். டாக்டர் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"குளிசை எடுக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லைங்க. அந்த ஐயாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

டாக்டர் அம்மா என் உச்சந்தலையின் வெற்றிடத்தை ஒருமுறை பார்த்தார். "அவருக்குச் சுகமாகக் கனகாலம் எடுக்கும் பிள்ளை. மாசாமாசம் வந்து பாருங்கோ. வரேக்க உங்கட குளிசையையும் எடுத்துக்கொண்டு போங்கோ."

அப்படித்தான் லட்சுமி மாதாமாதம் என்னைப் பார்க்க வந்து குணமானாள். நானும் தேறினேன், சோதனையில். பயத்தில் இன்னும் தேறவில்லை. குளிரில் என் கை கொஞ்சம் நடுங்கினாலும் போதும், பேரப்பிள்ளைகள் வரை கோரஸாகக் கத்துவார்கள்: "பாவம், அந்த ஐயாவுக்குத் தண்ணி குடுங்க!"

போன வருஷம் பதுளை பஸ் ஸ்டாண்டில் லட்சுமியைக் கண்டேன். தலை நரைத்து, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வழுக்கையை வெகுநேரம் கவலையோடு பார்த்தாள்.

"இப்ப பயமெல்லாம் போயிருச்சாங்கய்யா?"

"கொஞ்சம் இருக்கும்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராதீங்க."