சீர்த்தட்டு தூக்க வயது இருபத்தைந்து

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினான்கு வயதில் எனக்கு மீசை இருந்தது, மூளை இல்லை. (மீசையும் பாதி பென்சில்தான்.)

அக்கா எனக்குப் பதினெட்டு வயது மூத்தவள். அவள் மகள் கவிதா என்னைவிட இரண்டே வயது இளையவள். கவிதா பெரியமனுஷியானதும் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில், அக்கா வீட்டில் சடங்குக்கு நாள் குறித்தார்கள். மாமன் கொண்டுவரும் பட்டுப்புடவையைக் கட்டித்தான் பெண் மனையில் உட்கார வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் மாமன் நான் ஒருவன்தான். அக்காவின் மாமியார் வேறு, "ஒம்பதாங்கிளாஸ் பையன் இன்னா சீர் செஞ்சு கிழிக்கப் போறான்?" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எங்கள் வீட்டு மானமே என் கையில்!

கிளம்பும்போது பட்டுப்புடவை வைத்த சீர்த்தட்டை என் கையில் கொடுத்து அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தட்டை ரெண்டு கையால புடி. நேரா பாத்து நட."

நடந்தேன். மேளம் முழங்கியது. தெருமுனை ஃபிளெக்ஸில் கூலிங் கிளாஸோடு ஆளுயரத்துக்கு நானே நின்றிருந்தேன். உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. அம்பத்தூரே எனக்காகக் கூடியிருக்கிறது என்று நிஜமாகவே நம்பினேன். அப்போதும் நேராகத்தான் நடந்தேன், அக்கா வீட்டு வாசலில் என் வகுப்புப் பசங்களைப் பார்க்கும்வரை.

"மாமே! இன்னா சும்மா நடந்துகினு வர்ற? ஒரு குத்து போடு மாமே!"

தட்டு என் தலைக்கு ஏறியது. ஒரு சுற்று சுற்றினேன். விசில் பறந்தது. ஒற்றைக் கையால் பிடித்தபடி இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில், சாக்கடைமேல் சிலாப் இருக்க வேண்டிய இடத்தில் சிலாப் இல்லை. நான் இடுப்புவரை உள்ளே போனேன். புடவை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

மேளம் நின்றது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் மாமியார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே சாக்கடையிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் கவிதா வெளியே வந்தாள். புடவையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு எல்லாரும் அழுதுகினு கீறீங்க? முந்தானை நல்லாத்தான கீது? இந்தப் பக்கத்த அலசி உள்ள சொருகிட்டா யாருக்குத் தெரியும்? மாமா மேல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துங்க. நேரம் போவுது."

பன்னிரண்டு வயது! நல்ல நேரம் முடிவதற்குள் ஈரப்பட்டோடு மனையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் வாயை மூடிக்கொண்டார். (மூக்கையும்.) எனக்கு அவள் காலில் விழத் தோன்றியது. விழுவதில் அன்று எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

கவிதா இப்போது ஆவடியில் ஒரு பள்ளியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர். அதற்குப் படிக்கும்போதே ஒருநாள், "பொண்ணுங்களுக்குப் பருவம் கொஞ்சம் முன்னாடியே வந்துடும் மாமா, மூளையும் அப்பவே வளர ஆரம்பிச்சுடும். யாருக்கா இருந்தாலும் வேகம் மொதல்ல வரும், பிரேக் கடைசிலதான் வரும். அது முழுசா ரெடியாவ இருபத்தஞ்சு வயசு ஆவும். கூட்டாளிங்க பாத்துகினு இருந்தா அவ்ளோதான்!" என்றாள். அன்றிலிருந்து இருபத்தைந்துக்குக் கீழே யாருக்கும் சீர்த்தட்டு கிடையாது என்பது எங்கள் குடும்பச் சட்டம்.

அவள் கல்யாணத்தில் எனக்கு இருபத்தேழு. சட்டப்படி தட்டு என் கைக்கு வந்தது. மண்டப வாசலில் மேளம் ஆரம்பித்தது. என் வலது கால் தானாக எழும்பியது.

மணமேடையிலிருந்து மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று கத்தினாள் கல்யாணப்பெண்:

"யாராச்சும் மாமாவப் புடிங்க!"

ஓடிவந்து பிடித்தவர் அக்காவின் மாமியார். இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் மேளக்காரர் குச்சியை எடுத்ததுமே, யாராவது ஒருவர் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்.