மாமியாருக்கு நான் கொடுத்த பயிற்சி

கல்யாணமான முதல் வருஷம் மாமியார் வீட்டில் மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். அது சம்பிரதாயம். நான் அதை என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் இதுதான் ஆரம்பம்.

கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். அதுவரை நான் ஓட வைத்ததெல்லாம் ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளைத்தான். (அவர்களுக்கு ஒரு விசில் போதும், நாய் துரத்தியதுபோல ஓடுவார்கள்.) சந்தவாசலில் இருக்கும் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்போது ஐம்பத்தெட்டு வயது. மூத்தோர் தடகளப் போட்டியில் நடைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாமாவும் கொடுத்திருந்தார். அவருக்கு அறுபத்து மூன்று, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இருவரும் தினமும் விடிந்ததும் ஜவ்வாது மலை ஏறும் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவார்கள். நன்றாகவே நடந்துகொண்டிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

"போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நான் பயிற்சி குடுக்கறேன் அத்தை" என்றேன்.

"மாப்ள சொன்னா சரிங்க" என்றார் அத்தை.

நான் கண்ட பயிற்சி இவ்வளவுதான்: இருநூற்று இருபதிலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். வருவதில் நூற்றுக்கு எண்பது பங்கு நாடித் துடிப்பு வரும்வரை நடக்க வைக்க வேண்டும். அத்தைக்கு நூற்று முப்பது, மாமாவுக்கு நூற்று இருபத்தாறு என்று ஒரு அட்டையில் எழுதினேன். உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. வயது தெரிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை மலை ரோட்டில் முதல் வளைவுக்குக் கீழே பரீட்சை. முதலில் என் ஸ்மார்ட் வாட்ச்சை மாமாவின் கையில் கட்டினேன். நடக்க ஆரம்பிப்பதற்கு முன்பே நூற்று நாற்பது காட்டியது.

"மாமா, நீங்க உக்காருங்க. உங்க உடம்பு தாங்காது."

"யோவ் மாப்ள, எனுக்கு ஊசியப் பாத்தாலே படபடன்னு அடிக்கும். இதுவும் அந்த மாதிரி ஒன்னுதான?"

நான் காதில் வாங்கவில்லை. அவரை மதகுச் சுவரில் உட்கார வைத்துவிட்டு வாட்ச்சை அத்தைக்கு மாற்றினேன். வளைவு வரை வேகமாக நடந்துவிட்டு இறங்கி வந்தார். தொண்ணூற்றாறு.

"அத்தை, இன்னும் வேகமா."

இரண்டாவது முறை, தொண்ணூற்றெட்டு. முகமெல்லாம் வேர்வை. நானோ வேர்வையைப் பார்க்கவில்லை, வாட்ச்சைப் பார்த்தேன். சோம்பேறிப் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? விசிலை எடுத்து ஊதினேன். (ஆமாம், மாமியாரைப் பார்த்து விசில் ஊதினேன்.)

"தங்கச்சி மூஞ்சி சரியில்லப்பா. ஹோல்டான் பண்ணு!" என்று மதகிலிருந்து மாமா, பஸ்ஸை நிறுத்துவதுபோலக் கத்தினார்.

மூன்றாவது முறை அத்தை வளைவு வரை போகவில்லை. பாதியில் நின்றார், ரோட்டோரக் கல்லைப் பிடித்தார், அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். கிட்டே ஓடினேன். உதடு வெளுத்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. அந்த வாட்ச் அப்போதும் நூறைத் தாண்டவில்லை. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவி கவிதாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வண்டி பிடிக்கலாம் என்று கீழே பாய்ந்தேன். பத்தடி தாண்டுவதற்குள் சரளைக்கல்லில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் திரும்பிவிட்டது. எழ முடியவில்லை.

உடம்பு தாங்காது என்று நான் உட்கார வைத்த ஏகாம்பரம் மாமா என்னைத் தாண்டி மேலே ஓடினார். அத்தையைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிக் கல்மேல் வைத்தார். திரும்பிக் கீழே ஓடி, புளி மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த ஜீப்பை இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்து நிறுத்தினார். எங்கள் இருவரையும் ஏற்றினார். "போலாம் ரைட்!"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் படுத்தோம். நர்ஸம்மா அத்தையிடம் கேட்டார்: "மாத்திர எதனா போடறீங்களாமா?"

"காலைல ஒன்னு. நெஞ்சு படபடப்புக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது." இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து மாத்திரை அட்டையைக் காட்டினார்.

"இத போட்டா நீங்க இன்னாதான் ஓடினாலும் நாடி அவ்ளோவா ஏறாது. மெதுவா நடந்தா ஒன்னுமில்ல. யாரு உங்கள இப்டி மேட்டுல வெரட்டனது?"

நான் கூரையைப் பார்த்தேன். பிறகு மெல்லக் கேட்டேன். "ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே மாப்ள."



டாக்டர் வந்து பார்த்தார், உயிருக்கு ஆபத்தில்லை என்றார். ஆனால் முழுப் பரிசோதனை முடியும்வரை போட்டி கூடாது என்றுவிட்டார். போட்டிக்கென்று அத்தை வாங்கிய வெள்ளை ஷூ இரண்டும் வீட்டுக் கூடத்து மூலையில் பெட்டியோடு அப்படியே இருந்தன. என் கணுக்கால் வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

வீக்கம் வடிந்ததும் நாடிக் கணக்கு எழுதிய அட்டையைக் கிழித்துவிட்டு ஆளுக்கொரு நோட்டுப் போட்டேன். என்ன மாத்திரை, எங்கே வலி, எப்போது மூச்சு வாங்குகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஏகாம்பரம் மாமாவுக்கு இறக்கத்தில் மட்டும் வலது முழங்கால் பிடிக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் சம்மதித்த பிறகு அத்தைக்கு நாடிக் கணக்கு கிடையாது. பேசிக்கொண்டே நடக்க வேண்டும், பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்த வருஷப் போட்டியில் அவர் மூன்றாவதாக வந்தார். (நடந்தது நான்கு பேர். நான்காவதாக வந்தவர் கடைசி வரை பின்னாலேயே வந்ததாக அத்தை பெருமையாகச் சொல்வார்.)

ஆனால் குடும்பத்தில் நினைவிருப்பது அந்த மெடல் அல்ல, அன்றைய சுகாதார நிலையச் சீட்டு. எழுதிக்கொண்டிருந்த நர்ஸம்மா, "மயக்கத்துக்குக் காரணம்?" என்று பொதுவாகக் கேட்டார். அத்தை மரியாதைக்கு வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்ற ஏகாம்பரம் மாமா பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் சொல்லும் குரலில் "மருமகன்!" என்றார். நர்ஸம்மா சிரிக்காமல் அதையே எழுதிவிட்டார்.

அந்தச் சீட்டைக் கவிதா பத்திரமாக வைத்திருக்கிறாள். போன வாரம் மாமனாருக்குச் சளிக்காய்ச்சல். நான் அந்தப் பக்கம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. போன் போட்டு, "எப்படி மாமா வந்துச்சு காய்ச்சல்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"காரணம் மருமகன்னு எழுதியிருக்காங்க."