மாப்பிள்ளை இலையில் விழுந்த ஈரல்

புதுவயல்
18-6-69

மதிப்புக்குரிய மாப்பிள்ளை மீனாட்சிசுந்தரம் அவர்களுக்கு மாமன் சோணை அன்போடு எழுதிக்கொள்வது. கருப்பர் துணையால் நானும் உங்கள் அத்தை பொன்னுத்தாயியும் நலம். எங்கள் நாய் சிப்பாய் தேறி வருகிறது. தேவகோட்டையில் தாங்களும் என் மகள் புஷ்பவள்ளியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இலையில் கை வைத்தவர், பாதியில் எழுந்து, மகளையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து உங்கள் அத்தை என் முகத்தைப் பார்ப்பதில்லை. "நாய்க்கு ஈரல் போடுறத நிப்பாட்டிட்டேன்னு மாப்பிள்ளைக்கு எழுதுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அதை மட்டும் எழுத மாட்டேன்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். போன தையில நீங்க வந்தப்போ சிப்பாய் எப்படிக் கிடந்துச்சுன்னு பாத்தீகள்ல? முடி உதிர்ந்து, விலா எலும்பு துருத்திக்கிட்டு, ஆடு வந்து மூஞ்சிய நக்கினாக்கூட எந்திரிக்காது. சைக்கிள் கேரியர்ல கட்டி, காரைக்குடி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பாத்துட்டு, "வீட்ல என்னய்யா போடுறீக?"ன்னார். "புளிச்ச கஞ்சி"ன்னேன். "அதையே ஒரு மாசம் நீங்க குடிச்சுப் பாருங்க, நீங்களும் இப்படித்தான் படுப்பீக. முட்டை, மீன், ஈரல் போடுங்க. உப்பு உறைப்பு ஆகாது"ன்னுட்டார். அன்னைக்குப் பிடிச்சவன் இன்னும் விடல. "சோணை வீட்டு நாயாப் பொறந்திருக்கலாம்"னு டீக்கடையில சிரிச்சாக. சிரிக்கட்டும். இப்ப முடி பட்டு மாதிரி மினுங்குது. பலம் வந்ததுல சின்னச் சின்னச் சங்கடமும் வந்துச்சு, இல்லேங்கல. குளிப்பாட்டப் போனா என்னையும் சேத்து ஊரணிக்குள்ள இழுத்துருச்சு. அரிசி மில் களத்துல காயப்போட்ட புழுங்கல் நெல்லுல உருண்டதுல, அங்க வேலை பாக்குற பொம்பளையாளுக விளக்குமாத்தோட வாசலுக்கு வந்துட்டாக. ஆனா அவுக ஆட்டையே ஒருத்தன் திருடிக்கிட்டு ஓடினப்போ வேட்டியப் பிடிச்சு நிறுத்துனது யாரு? அவன் வேட்டியையும் ஆட்டையும் விட்டுட்டு ஓடினான். கஞ்சி குடிச்ச நாய்க்கு அந்தத் தெம்பு வருமா?

ஞாயித்துக்கிழமை நடந்தது சட்டி மாறின கோளாறு. உங்களுக்கு மிளகு போட்டு வறுத்தது ஒரு சட்டி, சிப்பாய்க்கு வெறுமனே அவிச்சது ஒரு சட்டி. நீங்க "அத்தை, உப்புப் போடலையா?"ன்னு கேட்டப்போ, "அடடா, அது சிப்பாய்க்கு உள்ளதாச்சே!"ன்னு நான் கத்தியிருக்கக் கூடாது. கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். ஆனா மாப்பிள்ளை, அதைத் தின்னு உங்களுக்கு ஒண்ணும் செய்யலையே? மிளகு வறுவலைத் தின்ன சிப்பாய்தான் வயித்தால போயி சுருண்டு கிடந்துச்சு. நட்டம் யாருக்குன்னு யோசிங்க.

ஆகையால் ஆடிக்கு மகளை அழைக்க நிச்சயம் வருவேன். தாங்கள் கதவைச் சாத்தினாலும் வாசலில் நிற்பேன். ஈரலை மட்டும் நிறுத்த மாட்டேன்.

மகளுக்கு எங்கள் ஆசி. சம்பந்தி வீட்டார் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்,
சோணை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, அன்னைக்கு நீங்க ஏறின பஸ்ஸோட கண்டக்டர் கருப்பையா வந்தார். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போகலையாமே! பஸ் ஹாரன் கேட்டுத்தான் ஓடினீகளாம். வருஷக்கணக்கா இருந்த வயித்தெரிச்சல் அந்த உப்பில்லாத ஈரல்ல அடங்கிருச்சுன்னு பஸ் பூராம் சொல்லிக்கிட்டுப் போனீகளாம். ஆகையால் மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க, அவிச்சு வைக்கச் சொல்றேன். ஆனா கறிக்கடையில ஈரல் கொறச்சலாக் கிடைச்சா, மொதல்ல சிப்பாய்க்குத்தான்.