பொழுதுபோக்கு: கோலம் போடுதல்

மயில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேல் வளர மாட்டேன் என்றது. சுபாஷினி மேசைமேல் ஏறி நின்று புரொஜெக்டரைக் கையில் தூக்கிப் பிடித்தாள். தரையில் விழுந்த மயில் பாய் அளவுக்கு விரிந்தது. கூடவே மங்கியும் போனது.

"இன்னும் தூக்குனா மயிலு ஆவியாப் போயிரும் தங்கச்சி" என்றார் கீழே நின்ற லேப் டெக்னீஷியன் ஷேக் அலாவுதீன்.

எல்லாம் நான்கு வருடத்துக்கு முந்தைய தப்பு. பாயான் லெப்பாஸில் இருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு விண்ணப்பித்தபோது, ஃபாரத்தில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வார்களே என்று 'கோலம் போடுதல்' என்று எழுதிவிட்டாள். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அவள் வீட்டு வாசலில் இருப்பது கடையில் வாங்கிய ஸ்டிக்கர் கோலம். ஆனால் மேனேஜர் ஃபரா எதையும் மறக்காதவர், மறந்ததையும் தேடி எடுப்பவர்.

"வெள்ளிக்கிழம தீபாவளி கோலப் போட்டி. வருஷா வருஷம் அக்கௌண்ட்ஸ்தான் ஜெயிக்குது. நேத்து ஒன்னோட ஃபாரத்தப் பாத்தேன். இத்தன நாளா சொல்லவே இல்லியே லா!" என்று இந்த வாரம் அவளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது தெரியாது என்றால் எழுதிக் கொடுத்தது பொய் என்றாகும். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வேறு வருகிறது. "பாத்துக்கலாம் மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அவளுக்குக் கோடு போட வராது. சர்க்யூட் போர்டு மட்டும் சொன்னபடி கேட்கும். லேபில் மினி புரொஜெக்டர் டெவலப்மென்ட் கிட் ஒன்று சும்மா கிடந்தது. மூடிகூட இல்லாத வெறும் போர்டு, நுனியில் கட்டைவிரல் அளவு லென்ஸ். மயிலைத் தரையில் வெளிச்சமாக விழவைத்து, கோட்டின் மேலேயே கலர் அரிசியைத் தூவினால் தீர்ந்தது. லாபி கிரானைட்டில் சாக்பீஸ் படவே கூடாது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருந்ததால் வேறு வழியும் இல்லை.

மங்கலைப் போக்க எல்.இ.டி.க்குப் போகும் கரண்டைக் கூட்டினாள். மயில் பளிச்சென்று வந்தது. பத்தே நிமிடத்தில் கிட் கொதித்து அணைந்தது.

"ஃபேன் ஒண்ணு கட்டுங்கண்ணே."

அலாவுதீன் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைக் கட்டினார். சூடு இறங்கியது. மயிலுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு உடம்பெல்லாம் நடுங்கியது. நடுக்கத்துக்கு ரப்பர் வைத்தார்கள். கிட் ஒரு பக்கம் சாய்ந்து, மயிலின் தலை சிறுத்து வால் பெருத்தது. சாய்வுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தார்கள். மயிலின் கீழே எழுதியிருந்த 'இனிய தீபாவளி' பின்பக்கமாக ஓடியது. சாஃப்ட்வேரில் அதைத் திருப்பினாள். மயில் கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்தது.

"அதுக்குத் தீபாவளி முடிஞ்சிருச்சு போல" என்றார் அலாவுதீன்.

"சிரிக்காதீங்கண்ணே. எனக்கு அழுகையா வருது."

ஒவ்வொரு தடவையும் படத்தைக் கோடு கோடாகத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று நாளில் அறுபது தடவைக்குக் குறையாது. வீட்டில் சோறு பிசையும்போதுகூட அவள் விரல் தட்டில் இறகு போட்டது. கணவன் லோகேஸ்வரன் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மேலே கட்டிய கிட்டிலிருந்து லாபித் தரையில் மயில் நேராக, நடுங்காமல், ஆறடிக்கு நின்றது. அலாவுதீன் கைதட்டிவிட்டுத் தன் ஷிஃப்டுக்குப் போனார். சுபாஷினி மண்டியிட்டு அலகில் ஆரம்பித்தாள்.

சிறிது நேரத்தில் துப்புரவு வேலை பார்க்கும் காமாரியா அக்கா வேக்கம் கிளீனரை உருட்டிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் தள்ளிக்க தங்கச்சி." சுபாஷினி நிமிராமலே தள்ளிக்கொண்டாள். வேக்கம் காதைப் பிளந்தது. அதைவிடப் பெரிய தொல்லையாகச் சூரியன் வந்தது. கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் இறங்கி, வெளிச்சக் கோட்டை அழிக்கத் தொடங்கியது. அவள் மூக்கு தரையில் படுமளவு குனிந்துகொண்டாள்.

எட்டு மணிக்கு உதவிக்கு வந்த, கூட வேலை பார்க்கும் ஷாஹிரா திகைத்து நின்றாள். "கோடு எங்க லா? எனக்கு ஒண்ணும் தெரியலியே!"

"குனிஞ்சு பாரு. லேசா இருக்கும்."

ஷாஹிரா குனிந்தாள். "ஆமா ஆமா, லேசா இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, சுபாஷினி ஓரம் கட்டிய இடத்தில் அரிசியை நிரப்ப உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்கு முதல் பரிசு மயிலுக்கு என்று அறிவித்தார்கள். லாபியே அதிர்ந்தது. அக்கௌண்ட்ஸ்காரர்களே கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். "நான்தான் ஃபாரத்துலேர்ந்து கண்டுபிடிச்சேன்" என்று ஃபரா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

சுபாஷினிக்குக் கோப்பை கையைச் சுட்டது. பாவம், அக்கௌண்ட்ஸ் பெண்கள் ஒரு வாரமாகக் கையால் போட்டுப் பழகியவர்கள். அவளால் தாங்க முடியவில்லை.

"மேடம், இத நான் போடல" என்றாள். கைதட்டல் நின்றது. "மேல இருக்கு பாருங்க, அந்த மெஷினு போட்டுச்சு. ஃபாரத்துல எழுதுனது பொய். எனக்குக் கோலம் போடவே தெரியாது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஃபராவின் சிரிப்பு பாதியில் நின்றது.

கூட்டத்துக்குப் பின்னால் வேக்கம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த காமாரியா அக்கா தலையை நீட்டினார்.

"அந்த மெஷினா? இங்க இருக்கறதே ஒரு பிளக்குதான்னு ஏழு மணிக்கே அதக் கழட்டிட்டுத்தான தங்கச்சி நான் வேக்கம் மாட்டுனேன். திருப்பி மாட்டவே இல்லியே. அப்ப நீ மயிலுக்கு மூக்கு மட்டும்தான் போட்டிருந்த!"