அம்மன் வரும் நேரம் ஐந்து நாற்பது

தமிழ்ப் படங்களில் அம்மன் சீக்கிரம் வந்ததே கிடையாது. கதாநாயகி அழுது, அங்கப்பிரதட்சணம் செய்து, கோயில் மணி தானாக ஆடி, வில்லன் "உங்க ஆத்தாள வரச் சொல்லு பார்ப்போம்" என்று சிரித்து முடித்த பிறகுதான் வருவாள். பேய்க்கு அந்தப் பொறுமை இல்லை. கரண்ட் போனாலே வந்துவிடும். நான் சும்மா சொல்லவில்லை. கல்லூரி நாளிலிருந்து பார்த்த சாமிப் படம், பேய்ப் படம் ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் பதிவு இருக்கிறது. தேதி, கிழமை, அன்று மழையா வெயிலா, படம் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் சாமி வந்தது, எல்லாம் உண்டு. (இதையெல்லாம் ஏன்டா எழுதுற என்று கேட்டவர்களின் பெயரும் தேதியோடு உண்டு.)

அந்த நோட்டை நம்பித்தான் என் கல்யாணத்தையே பணயம் வைத்தேன்.

வசந்தியும் நானும் ஓ.எம்.ஆரில் ஒரே அலுவலகம். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். அவள் அப்பா எடுக்கவில்லை. அவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது படூரில் அவர்கள் அடுக்ககத்துக்குச் செயலாளர். ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு அங்கே கூழ் ஊற்றுவதோடு, பார்ட்டி ஹாலில் திரை கட்டி அம்மன் படமும் போடுவதாக ஏற்பாடு. "பையனுக்குச் சாமிப் படமெல்லாம் அத்துப்படின்னியே, அவனே நடத்தட்டும். எப்படிச் செய்றான்னு பார்க்கிறேன்" என்றாராம்.

"இதுதான் உங்க இன்டர்வியூ, சொதப்பாதீங்க" என்றாள் வசந்தி.

நானா சொதப்புவேன்?

அம்மன் திரையில் தோன்றும்போது எழுந்து நின்று கற்பூரம் காட்டுவது எங்கள் பக்கத்துத் தியேட்டர் வழக்கம். அதையே பம்பை உடுக்கையோடு, நிமிஷம் பிசகாமல் நடத்திக் காட்டத் திட்டமிட்டேன். நோட்டைப் புரட்டினேன். அந்தப் படத்தில் அம்மன் வருவது இரண்டு மணி நாற்பதாவது நிமிடம். படம் மூன்று மணிக்கு ஆரம்பம். ஆக, அம்மன் வரும் நேரம் ஐந்து நாற்பது. தாளில் அச்சடித்து லிஃப்டில் ஒட்டினேன்.

புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் கேளம்பாக்கத்தில் வாடகைக் கடை வைத்திருக்கும் என் நண்பன் யூசுஃப் கொண்டுவந்தான். லேப்டாப் என்னுடையது.

"மச்சான், படம் மொத்தமே ரெண்டே கால் மணி நேரம்தான் காட்டுது. எதுக்கும் ஒரு தபா ஓட்டிப் பாத்துக்கலாமா?"

"யூசுஃப், இது நானே கையால எழுதினது. இதைவிடவா உன் கம்ப்யூட்டர்?"

"அப்புறம் இன்னா, நீ சொன்னா சரி."

படம் ஓடியது. ஐந்து மணிக்கு நான் பம்பைக்காரர்களை டீ குடிக்க அனுப்பினேன். வசந்தியின் அம்மாவும் மற்ற பெண்களும் தட்டில் கற்பூரம் அடுக்க வெளியே போனார்கள். போன இரண்டாவது நிமிடம், திரையில் காற்று வீசியது. மணி ஆடியது. சூலம் நடுங்கியது. வில்லன் சிரித்தான்.

"மச்சான்," யூசுஃப் என் காதோரம் வந்தான், "எனக்கே தெரியுது, அவங்க வந்துகினு கீறாங்க."

மணி ஐந்து ஐந்து. மைக்கை எடுத்தேன். "யாரும் எழுந்திருக்க வேண்டாம். இது கனவுக் காட்சி. நிஜ அம்மன் ஐந்து நாற்பதுக்கு."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அம்மன் வில்லனைத் தூக்கிக் குத்தினாள்.

"கனவுதான்!" என்றேன்.

வில்லன் செத்தான். ஊர் கும்பிட்டது. கதாநாயகிக்குக் குழந்தை பிறந்தது. 'வணக்கம்' என்று போட்டார்கள்.

முன் வரிசையில் வசந்தியின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தை நான் பார்த்தது டிவியில், விளம்பர இடைவேளைகளோடு. வானிலை வரை எழுதிய நான், எங்கே பார்த்தேன் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் போடவில்லை.

மைக்கில் ஏதேதோ உளறி இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். அப்போதுதான் யூசுஃப் படத்தை மூடினான். ஓடிப்போய் வெளியே இருப்பவர்களை நிறுத்தலாம் என்று எழுந்தபோது, சரியாக ஐந்து நாற்பது.

கதவு திறந்தது. பம்பை அதிர்ந்தது. நான் சொன்னபடியே, சொன்ன நிமிடத்தில், பெண்கள் வரிசையாகக் கற்பூரத் தட்டோடு குலவையிட்டுக்கொண்டு வந்தார்கள். வசந்தியின் அம்மா பக்தியோடு கண்ணை மூடித் தட்டைத் திரைக்கு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கண் திறந்தார்.

திரை முழுக்க நான். லேப்டாப்பின் முகப்புப் படம். மாமல்லபுரத்தில், கூலிங் கிளாஸோடு, அந்தப் பெரிய உருண்டைப் பாறையைத் தாங்குவது போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

"யாருடி இந்தச் சாமி?" என்று பின்னாலிருந்த ஒரு மாமி கேட்டார்.

"செக்ரெட்டரி வூட்டு மாப்பிள்ளையா வரப் போற சாமி" என்று யாரோ சொல்ல, பம்பை நிற்க, ஹால் சிரிப்பில் வெடித்தது. வசந்தி தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். (அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில், சிரிப்பு.)

அவள் அப்பா சிரிக்கவில்லை. கையை நீட்டினார். "அந்த நோட்டைக் கொடு."

கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றைய பதிவில் 'எல்லாம் முடிந்தது' என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள் நோட்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில், அளவுகோல் வைத்து, 'எங்கே பார்த்தது' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'தப்பான நேரமாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு எல்லோரையும் வரவைக்கிறாய். வீட்டுக்கு வா, பேசலாம்.'

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. மாமனார் இப்போதும் என்னிடம் ரயில் நேரம் கேட்பதில்லை. சென்ற வாரம் அலுவலக வேலையில் மூழ்கி, வசந்தியின் பிறந்தநாளை நான் மறந்துபோனேன். (ஆம், நான்தான்.) அவள் இடுப்பில் கை வைத்து, கண்களை உருட்டி, கையில் தோசைக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையையும் கூப்பிவிட்டேன்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "பயப்படாதீங்க மாப்பிள்ளை, இது கனவுக் காட்சி!"